வெள்ளைக் கல்லின் ஓரம்

ஜூன் 16, திங்கள்

விடியும்போதே புழுக்கம். புகை மூட்டத்தில் ஈப்போ மலை எதுவும் தெரியவில்லை. மழை வரும் என்று ரேடியோ சொல்லி நாலு நாள் ஆகிறது.

இந்த வாரம்:
புதன் – கோயில் அன்னதானம், இருநூறு பேர்.
ஞாயிறு – கல்யாணம், எண்ணூறு இலை.
வியாழன், வெள்ளி சும்மாதான் என்கிறார் எங்கள் முதலாளி, போஸ் சிவா. அவர் சும்மா என்று சொன்ன எந்த நாளும் சும்மா இருந்ததில்லை.

கத்தி எட்டும் தீட்டியாயிற்று. முதலில் பழுப்புக் கல், பிறகு வெள்ளைக் கல். கடைசிக் கத்தியைத் தக்காளி மேல் வைத்தேன், தோல் தானாகப் பிரிந்தது. இந்தக் கேட்டரிங்கில் சமையல்காரர்கள் வருவார்கள் போவார்கள். காய் வெட்டும் பகுதியும் கத்திகளும் என் பொறுப்பு. அதில் எனக்கு நல்ல கர்வம் உண்டு. இங்கே எழுதுவதற்கு என்ன வெட்கம்.

வெள்ளைக் கல் என் மகன் குமரன் போன தீபாவளிக்கு சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அவன் வேலை பார்க்கும் ஹோட்டல் கிச்சனில் இதுதானாம். பீங்கான். தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். எண்ணெய் கூடவே கூடாது. கத்தியின் கனமே போதும், அழுத்தக் கூடாது. லேசில் தேயாது, ஆனால் கீழே போட்டால் தட்டு உடைவதுபோல் உடையும். "யார் கையிலயும் குடுக்காதீங்கம்மா" என்றும் சொன்னான். அதை எனக்குச் சொல்ல வேண்டுமா.

தீட்டி முடித்தால் கத்தியின் இரும்பு கல் மேல் கறுப்புக் கீற்றாக ஒட்டியிருக்கும். அப்படியே விட்டால் அடுத்த முறை கத்தி வழுக்கிக்கொண்டு போகும், கூர் ஏறாது. பச்சை நார், பாத்திரம் துலக்கும் பவுடர், சொட்டுத் தண்ணீர். வட்ட வட்டமாகத் தேய்த்துக் கழுவித் துண்டில் ஒற்றி வைக்க வேண்டும். இது என் தினசரி வேலை. பல் துலக்க மறந்தாலும் இதை மறப்பதில்லை.

இன்று தேய்க்கும்போதுதான் பார்த்தேன். கல்லின் பக்கவாட்டில், அந்த ஒல்லியான ஓரத்தில், சாம்பல் கீற்றுகள். நான் ஓரத்தில் கத்தி வைத்ததே கிடையாது.

யாரோ என் கல்லைத் தொட்டிருக்கிறார்கள்.

ஸ்டோர் அறைக்குள் போகக்கூடியவர்கள்:
1. நான்.
2. போஸ் சிவா. வெங்காயம் உரிக்கவே தெரியாதவர். விடலாம்.
3. லெட்சுமி அக்கா. காலை ஐந்தரைக்கு வந்து கதவு திறப்பது அவர்தான். பதினோரு வருஷமாக என் பக்கத்துப் பலகை. அடுத்தவர் துடைப்பத்தைக்கூடக் கேட்டுத்தான் எடுப்பார். விடலாம்.
4. மாலதி. சாவி கிடையாது. ஆனால் அக்கா கதவு திறந்ததும் முதலில் உள்ளே நுழைவது அவள்தான்.

மாலதி வந்து மூன்று வாரம். சிலிம் ரிவர் ஊர்ப் பக்கம், எஸ்டேட் தோட்டத்துக்காரி. முப்பத்தைந்து இருக்கும். தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தலை வாரியிருப்பாள். வந்த முதல் நாளே "இந்தக் கல்லு எங்க வாங்கினது?" என்று கேட்டவள். கிலோ கணக்கில் பீன்ஸ் கிடக்கும்போது ஒருத்திக்குக் கல்லைப் பற்றி என்ன கேள்வி?

ஜூன் 17, செவ்வாய்

வெயில். கேஸ் சிலிண்டர் மாற்ற வேண்டும். வீட்டுக்காரருக்கு சர்க்கரை மாத்திரை.

ஒரு பொறி வைத்திருக்கிறேன். கல் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுத் தீட்டினால், கத்தி எங்கே பட்டது எங்கே படவில்லை என்று தெரிந்துவிடும். குமரன் காட்டிய வழி. நான் கோட்டைப் போட்டுவிட்டுத் தீட்டாமல் அப்படியே துண்டில் சுற்றி, அரிசி வாளிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். காலையில் கோடு அழிந்திருந்தால் தெரிந்துபோகும்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். போலீசில் சேர்ந்திருக்க வேண்டியவள் தவறிப்போய் பீன்ஸ் வெட்டுகிறாய் என்றார். கல்லை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடேன் என்றும் சொன்னார். கொண்டு வந்தால் எடுக்கிறவள் எப்படிப் பிடிபடுவாள்? இவருக்கு லாரி ஓட்ட மட்டும்தான் தெரியும்.

ஜூன் 18, புதன்

அன்னதானம் முடிந்தது. பூசணி முப்பது கிலோ, கோஸ் இருபது, கேரட், கத்தரிக்காய். இடுப்பு விட்டுப்போயிற்று.

பென்சில் கோடு ஒன்றுகூட அழியவில்லை. ஆனால் ஓரத்தில் மறுபடியும் சாம்பல் கீற்று. அதே இடம், கல்லின் நீளத்தில் நடுவே ஒரு விரல் அளவு.

பார்த்துச் செய்கிறாள். கோட்டைப் பார்த்திருக்கிறாள், அதைத் தொடாமல் ஓரத்தில் தேய்த்திருக்கிறாள். எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது. சாதாரண ஆள் இல்லை.

இன்று முழுக்க அவள் கத்தியையே பார்த்துக்கொண்டு வெட்டினேன். மற்றவர்களின் கத்தியைப் போலத்தான் இருந்தது. கண்ணை அங்கே வைத்ததில் என் கட்டைவிரல் நகம் கொஞ்சம் போயிற்று. லெ. அக்கா மஞ்சள் எடுத்துக் கொடுத்தார். "எங்க பாத்துக்கிட்டு வெட்டுற?" என்றார். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். பாவம், அவருக்கு இந்த வம்பெல்லாம் பிடிக்காது.

ஜூன் 19, வியாழன்

மதியம் மூன்று மணிக்கு இடி. மழை பத்து நிமிஷம். மறுபடி புழுக்கம்.

இன்றைய அநியாயம்: எண்ணெய்.

கல்லைக் குழாயில் காட்டினேன். தண்ணீர் பரவவில்லை, முத்து முத்தாக நின்றது. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசம், கூடவே கற்பூர வாசம் கொஞ்சம். கற்பூரம் சாமி படத்துத் தட்டிலிருந்து வந்திருக்கும், ஸ்டோரில் அதுதான் பக்கத்தில். தேங்காய் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. அந்தத் தலையைப் பார்த்தாலே போதும்.

எண்ணெய் பீங்கானின் கண்களை அடைத்துவிடும். வெந்நீரில் பாத்திரச் சோப்பு விட்டு அரைமணி நேரம் போட்டேன். நாரில் தேய்த்தேன். மறுபடி வெந்நீர். மூன்றாவது தடவைதான் தண்ணீர் பரவியது. அரைநாள் வேலை ஒரு கல்லுக்கே போயிற்று.

அப்போது பின்கட்டில், கால்வாய் ஓரமாக மாலதி போனில் பேசிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது. சரி, போய் நின்று கேட்டேன்.

"இங்க யார்கிட்டயும் சொல்லல. சனிக்கெழமையோட முடிஞ்சிரும். அப்பறம் பயமில்லலா."

என்னைப் பார்த்ததும் போனை இறக்கிவிட்டாள். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

யார்கிட்டயும் எதைச் சொல்லவில்லை? சனிக்கிழமையோடு எது முடியும்? எனக்குத் தோன்றியது: வேறு எங்கோ வேலை பேசியிருக்கிறாள். இங்கே தொழில் பழகிக்கொண்டு, என் கல்லில் அவள் கத்திகளைத் தீட்டிக்கொண்டு, அங்கே போய் நல்ல பெயர் வாங்கப் போகிறாள். போகும்போது கல்லும் போகும்.

லெ. அக்கா இன்று பீன்ஸ் வெட்டுவதில் பின்தங்கிவிட்டார். என் பங்கை முடித்துவிட்டு அவருடையதில் பாதியை இழுத்துக்கொண்டேன். வேண்டாம் என்றார். வயசாகிறதில்லையா.

ஜூன் 20, வெள்ளி

கல் உடைந்துவிட்டது.

காலை ஏழு மணி. துண்டை அவிழ்த்தேன். ஒரு மூலை இல்லை. சுண்டுவிரல் நகம் அளவு போயிருக்கிறது. போனதுமில்லாமல், பழையபடி அழகாகச் சுற்றி அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த அழகுதான் எனக்குத் தாங்கவில்லை. உடைந்த துண்டைத் தேடினேன். குப்பையில் இல்லை. பின்கட்டுக் குழாயடியில், ஜல்லடைக்குப் பக்கத்தில் கிடந்தது. காய் கழுவுவது யார்? மாலதி.

நேரே போஸ் சிவாவிடம் போனேன். அவர் கல்யாண வீட்டுக்காரரோடு போனில், இன்னொரு போன் மேசையில் அடித்துக்கொண்டிருக்கிறது. நின்றேன். வைத்ததும் எல்லாம் சொன்னேன். ஓரத்துக் கீற்று, எண்ணெய், போன் பேச்சு, குழாயடித் துண்டு. வரிசையாகச் சொன்னபோது எனக்கே அது மறுக்க முடியாததாக இருந்தது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"நிச்சயமாக்கா?"

"நிச்சயம்."

மாலதியைக் கூப்பிட்டார். ஈரக் கையோடு வந்தாள். நான் தொட்டதே இல்லை என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அப்புறம் எனக்குப் பின்னால், வெட்டும் இடத்தை ஒரு பார்வை பார்த்தாள். அங்கே லெ. அக்கா குனிந்து பூசணி சீவிக்கொண்டிருந்தார். திரும்பவும் சொன்னாள், தொடவில்லை என்று. அவ்வளவுதான். சத்தியம் செய்யவில்லை, அழவில்லை. என் மேல் இப்படிப் பழி விழுந்திருந்தால் நான் கூரையைப் பிய்த்திருப்பேன். இவள் அமைதியாக நின்றதே எனக்குச் சாட்சி மாதிரி இருந்தது.

கல்யாணம் முன்னால் இருக்கிறது, நாளைக்கு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார் போஸ். உடைந்த பொருளைவிட, கேட்காமல் எடுப்பதும் மறைப்பதும்தான் கிச்சனுக்கு ஆகாது என்றார். சரியான பேச்சு.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஜெயித்த சந்தோஷம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 21, சனி

எண்ணூறு இலைக்குக் காய். காலை ஆறிலிருந்து மாலை நாலு வரை.

மாலதி வந்தாள். வந்ததுமில்லாமல் எல்லோரையும்விட அதிகம் வெட்டினாள். லெ. அக்காவின் கேரட்டையும் கேட்காமலே எடுத்து முடித்தாள். நாள் முழுக்க மிக்ஸி சத்தம் மட்டும்தான்.

போகும்போது என் முன்னால் வந்து நின்றாள். நான் கத்திகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தடவை எண்ணினேன்.

"வாரேன்கா" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

கேட்டுக்கு வெளியே ஒரு சின்னப் பெண், பத்து வயதிருக்கும், பள்ளிப் பையும் ஒரு துணி மூட்டையுமாக நின்றது. மாலதி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் கையைப் பிடித்துப் போனாள். போஸ் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: ஈப்போ டவுனிலேயே, சிலிபினில் ஒரு ரூம் பிடித்து, மாமியார் வீட்டிலிருந்த மகளைக் கூட்டிக்கொள்ளப் போவதாகப் போன மாதமே சொன்னாளாம். அங்கே அந்தப் பிள்ளைக்கு நல்லபடியாக இல்லையாம். சனிக்கிழமை பிள்ளை வந்துவிடுவாள், அரைமணி முன்னால் போகலாமா என்று கேட்டிருந்தாளாம்.

சனிக்கிழமை. போனில் பேசியது அதுதான்.

ஆனாலும் குழாயடித் துண்டு? எண்ணெய்? மகள் இருந்தால் கல்லைத் தொடாதவள் ஆகிவிடுவாளா? ஆக மாட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

சமையல்காரர்கள் கல்யாண மண்டபத்தில், காய் வெட்டுகிறவர்களுக்கு வேலை இல்லை. மழை. துணி காயவில்லை. நெத்திலி சம்பல், பருப்பு.

கல்லை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். உடைந்த மூலை கூர்மையாக இருக்கிறது, கத்தியைக் கீறிவிடும். வீட்டில் கிடக்கும் இன்னொரு பழைய பழுப்புக் கல்லில் வைத்து மழுக்கிக்கொண்டிருந்தேன். கல்லோடு கல் உரசும் சத்தம் பல்லைக் கூசவைக்கும். அவர் எரிச்சலோடு எழுந்து வந்தார்.

வாங்கிப் பார்த்தார். ஓரத்துக் கீற்றை நான் இன்னும் தேய்க்கவில்லை, சாட்சிக்கு வைத்திருந்தேன். ஜன்னல் பக்கம் கொண்டு போய்ப் பார்த்தார்.

"இதுல கத்தி ஓடல" என்றார். "கல்லுதான் ஓடியிருக்கு."

எனக்குப் புரியவில்லை. கத்தியைக் கல் மேல் இழுத்தால் கீற்று நீளமாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போக வேண்டும். இது குட்டிக் குட்டியாக, வளைந்து, ஒரே இடத்தில் இருக்கிறது. கத்தியை அசையாமல் பிடித்து, கல்லை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால்தான் இப்படி வருமாம்.

"ரப்பர்த் தோட்டத்துல பால்மரம் வெட்டுறவங்க இப்படித்தான் தீட்டுவாங்க. எங்கம்மா தெனம் காலைல தீட்டுவாங்க, பேரு பதியப் பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி. கத்தி வாய் வளைஞ்சிருக்கும்ல. கல்லுதான் அதுக்குள்ள போவணும்."

இவர் பத்துகாஜா ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் இதை இன்றைக்குத்தான் சொல்கிறார். நானும் கேட்டதில்லை. நான் சிலிபினில் பிறந்து சிலிபினில் வளர்ந்தவள், தோட்டத்துக் கதை என்றால் பாதியிலேயே எழுந்து போய்விடுவேன்.

சரி, மாலதியும் தோட்டத்துக்காரிதானே என்றேன்.

அவளுக்கு என்ன வயசு என்று கேட்டார். சொன்னேன். சிலிம் ரிவர் பக்கம் அந்த வயசுக்காரர்களுக்கு ரப்பரே தெரியாது, அப்போதே பெரும்பாலும் பாமாயில் எடுக்கும் செம்பனை ஆகிவிட்டது என்றார். எனக்கு ஞாபகம் வந்தது. செம்பனைக் குலை விழுந்து அவள் அப்பாவுக்குக் கால் போனதாக வந்த வாரத்தில் அவளே சொல்லியிருக்கிறாள். நான் காதில் வாங்கி, வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மாலை முழுக்க ஒன்றும் ஓடவில்லை. கிச்சனில் இருப்பவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். சமையல்காரர் இருவரும் பினாங்குப் பக்கம். பாத்திரம் கழுவுகிறவர் நேப்பாளி. பால்மரம் வெட்டக்கூடிய வயசு யாருக்கு இருக்கிறது என்று பார்த்தால் ஒரே ஒரு பெயர்தான் வருகிறது. அதை எழுத மனசு வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

ஐந்து மணிக்கே போய்விட்டேன். அவர் லாரியில் இறக்கிவிட்டார். கேட் திறந்திருந்தது. ஐந்தரை மணிக்குத்தான் அக்கா வருவார் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்கட்டு விளக்கு எரிந்தது. குழாயடியில், சின்ன முக்காலியில் லெ. அக்கா. கத்தியின் பிடியைக் காலுக்கு அடியில் கொடுத்து, கத்தி முதுகை முழங்காலில் சாய்த்து நிறுத்தியிருந்தார். கையில் என் பழுப்புக் கல். வெள்ளைக் கல் வீட்டில் இருக்கிறதே. உள்ளங்கையில் கல்லைப் படுக்கவைத்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டித் தேய்க்கிறார். விரல்கள் கல்லைப் பிடிக்கவில்லை. பிடிக்க முடியவில்லை. கணுவெல்லாம் வீங்கி, நாலு விரலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. பக்கத்தில் மூடி திறந்த ஒரு பாட்டில். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய வலித் தைலம்.

என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"வெள்ளிக்கெழம நழுவிருச்சு பரமு" என்றார்.

எனக்கு வந்தது கோபம்தான். பதினோரு வருஷம். என்னிடம் கேட்டிருக்கலாம், நானே தீட்டிக் கொடுத்திருப்பேன் என்றேன். அவருடைய கத்தியையும் தினமும் நான்தானே தீட்டுகிறேன்.

"நீ தீட்டுறது உன் கைக்குச் சரி. எனக்கு இன்னும் கூரா வேணும். அழுத்தி வெட்ட முடியல இப்ப. கத்தி தானா எறங்கணும்."

எத்தனை நாளாகக் கை இப்படி என்று கேட்டேன். போன தைப்பூசத்துக்கு முன்னாலிருந்தே என்றார். எங்களோடு காய் வெட்டிய செல்லம்மாவைப் போஸ் போன வருஷம் கை நடுங்குகிறது என்று அனுப்பியதை நான் மறந்தாலும் அவர் மறக்கவில்லை.

பால்மரம் வெட்டினீர்களா என்று கேட்டேன். பதினாலு வயசிலிருந்து தோட்டம் மூடும்வரை வெட்டினாராம். ஒரு நாள்கூட என்னிடம் சொன்னதில்லையே என்றேன்.

"நீ தோட்டத்து ஆளுங்களப் பேசுற பேச்சுக்கு, நான் எதுக்குச் சொல்லணும்?"

பேச்சை மாற்றி மாலதியைப் பற்றிக் கேட்டேன். அவளை அனுப்பும்போது பூசணி சீவிக்கொண்டிருந்தீர்களே என்றேன். அக்கா கல்லைக் கழுவினார். நான் கழுவுவது போலவே, பச்சை நார், பவுடர், வட்டமாக. துண்டில் ஒற்றினார்.

"அவளுக்கு வயசு இருக்கு. வேற எடத்துல கூப்புடுவாங்க. என்னை யாரு கூப்புடுவா?"

ஆறரைக்கு மற்றவர்கள் வந்தார்கள். உட்கார்ந்து வெட்டினோம்.

ஜூன் 24, செவ்வாய்

மழை. சின்ன ஆர்டர், ஐம்பது பேர் பிறந்தநாள்.

மாலதியின் நம்பருக்கு மூன்று தடவை அடித்தேன். எடுக்கவில்லை.

உண்மையைச் சொன்னால்: லெ. அக்கா போவார். வீட்டில் வேறு யாரும் இல்லை, அவரும் ஒரு வானொலிப் பெட்டியும்தான்.
சொல்லாவிட்டால்: மாலதி போனது போனதுதான். ரூம் பிடித்திருக்கிறாள், மகளைக் கூட்டி வந்துவிட்டாள்.

அக்கா மேல் கோபம் இருக்கிறது. தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் "நிச்சயம்" என்று சொன்னது அவர் இல்லை. கூப்பிட்டுக் கேட்காமலே சொன்னது நான்.

இன்னொன்று. இந்த மூன்று மாதமாக அவர் பீன்ஸில் பின்தங்குவதும், நான் பாதியை இழுத்துக்கொள்வதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. டீ கிளாசை இரண்டு கையால் பிடிக்கிறார். சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறார். எல்லாம் என் கண் முன்னால். மாலதி தலையில் எத்தனை சொட்டு எண்ணெய் என்று தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமைக்குள் வேறு ஆள் பார்க்க வேண்டும், யாராவது இருக்கிறார்களா என்று போஸ் கேட்டார். பார்க்கிறேன் என்றேன்.

ஜூன் 25, புதன்

செய்துவிட்டேன். நல்லதா கெட்டதா தெரியவில்லை.

போஸ் கணக்குப் புத்தகத்தில் இருந்தார். கல்லை உடைத்தது நான்தான் என்றேன். வியாழக்கிழமை மாலை அவசரத்தில் கழுவும்போது நழுவியது, கவனிக்காமல் சுற்றி வைத்துவிட்டேன், அப்புறம் மறந்துபோய் அந்தப் பெண் மேல் போட்டுவிட்டேன் என்றேன். எண்ணெயும் என் கை எண்ணெய்தான் என்றேன். வாய் தானாகப் பேசியது. பொய் சொல்லவும் எனக்கு இவ்வளவு வரிசையாக வருகிறது.

அவர் பேனாவை மூடி வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் மற்றவர்களைப் பார்க்கும் பார்வை அது. இத்தனை நாள் அந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன், இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஸ்டோர் சாவி கொஞ்ச நாளைக்கு என்கிட்டயே இருக்கட்டும்கா" என்றார்.

கொடுத்தேன். கத்திப் பொறுப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாலதியை அவரே கூப்பிட்டுப் பேசுகிறேன் என்றார்.

லெ. அக்காவிடம் சொன்னேன். நன்றி எதுவும் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தது தப்பு. "உன்னை யாரு கேட்டா?" என்றார். சாயங்காலம் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. இனி என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்த நினைப்பு இருக்கும், எனக்கும்.

அவருக்கு மட்டும் ஒரு கத்தியைத் தனியாக மெல்லியதாகத் தீட்டினேன். சாய்வைக் குறைத்து, கத்தியைக் கல்லோடு இன்னும் படுக்கவைத்து, திரும்பக் கொண்டுவந்த வெள்ளைக் கல்லில் ஐம்பது தடவை. பிசிர் போகும்வரை. சொல்லாமல் அவர் பலகையில் வைத்தேன். எடுத்துக்கொண்டார்.

ஜூன் 26, வியாழன்

வெயில். அவருக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கண் செக்கப், எட்டரை மணி. வேலைக்குப் போகவில்லை.

போஸ் மெசேஜ்: மாலதி நாளை வருகிறாள்.

ஜூன் 27, வெள்ளி

கல்யாண ஆர்டர், ஐந்நூறு இலை. காலை முழுக்கக் கோஸ்.

வந்தாள். அதே எண்ணெய்த் தலை. போஸிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். மகளைப் பள்ளியில் சேர்த்தாயிற்றா என்று கேட்டேன். ஆயிற்று என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

லெ. அக்கா டீ எடுக்கப் போன சமயம் பார்த்து நெருங்கி உட்கார்ந்தேன். நேற்று முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கல்லை உடைத்தது நான், உன் மேல் பழி போட்டதும் நான், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன்.

அவள் கோஸை இரண்டாகப் பிளந்தாள். நடுத்தண்டை எடுத்து ஒதுக்கினாள்.

"நீங்க உடைக்கலக்கா."

என்ன சொல்கிறாய் என்றேன்.

"வந்த மொத வாரமே பாத்தேன். கொழாய்கிட்ட உக்காந்து கல்ல வச்சுத் தேச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்தக் கையோட."

அப்போதே சொல்லியிருக்கலாமே, அன்றைக்குப் போஸ் முன்னால் உன் பெயர் அடிபட்டபோதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. இன்னும் அவளைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கத்தி நிற்கவில்லை. கோஸ் நூல் நூலாக விழுந்துகொண்டே இருந்தது.

"சொன்னா அவங்கள அனுப்புவீங்க. சொல்லலன்னா என்னை அனுப்புவீங்க. யாரையாவது அனுப்பாம நீங்க விடப் போறதில்லனு தெரிஞ்சிருச்சு. எனக்குக் கை நல்லா இருக்குலா."

லெ. அக்கா டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார். மாலதி நகர்ந்து இடம் விட்டாள். அக்காவின் பலகையிலிருந்து பாதிக் கோஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் மீதியை எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குள் முடிந்தது.